குறைந்த செலவில் அந்தமான் தீவுகளைச் சுற்றிப் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் பணத்தை மிச்சம் பிடித்தால் நாட்களைக் கொடுக்க வேண்டும். நீங்கள் படிப்பு முடித்து வேலைக்குக் காத்திருப்பவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

நான் 2018 டிசம்பர் கடைசியில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில் போனேன், பங்க் வகுப்பில். வரிசையாக இரண்டடுக்குப் படுக்கைகள், டீசல் வாடை, மூன்று நாள். "அதில் மனுஷன் போவானா?" என்று கேட்க வருபவர்களுக்கு: போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) குடியிருக்கும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அதில்தான் ஊருக்கு வந்து போகின்றன. என் எதிர்ப் படுக்கை அக்காவுக்கு ராமநாதபுரம். முதல் நாள் நான் வாந்தி எடுத்துக் கிடந்தபோது உப்பு நெல்லிக்காய் ஒன்றை வாயில் திணித்து, "வெறும் வயித்தோட கிடந்தா இன்னும் புரட்டும், எந்திரிச்சு ரெண்டு இட்லி தின்னு" என்று அதட்டினார். மூன்றாம் நாள் காலை மேல்தளத்துக்கும் அவர்தான் இழுத்துப் போனார். பறக்கும் மீன்கள் கூட்டமாக எழும்பி, தண்ணீரை ஒட்டியே பறந்து விழுந்தன.

போர்ட் பிளேரிலிருந்து மற்ற தீவுகளுக்கு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் அரசுப் படகு ஏறுங்கள். தனியார் படகை விடக் கட்டணம் மிகக் குறைவு. ஹேவ்லாக் தீவை (இப்போது ஸ்வராஜ் தீவு) விட நீல் தீவு சின்னது, வாடகை சைக்கிளே போதும். அங்கே கடலோரம் இயற்கையாக அமைந்த பாறைப் பாலத்துக்குக் கடல் வற்றும் நேரம் கேட்டுவிட்டுப் போங்கள். மாலை ஐந்தரைக்கே இருட்டிவிடும், டார்ச் அவசியம்.

நான் போன சமயம்தான் நீலுக்கு ஷஹீத் தீவு என்று பெயர் மாற்றியிருந்தார்கள். ஜனவரி முதல் வாரம் பாபுக் புயல் வந்து படகுகள் நின்றுவிட்டன. கையிலும் காசு கரைந்துகொண்டிருந்தது. தங்கியிருந்த வீட்டு பெங்காலி அம்மா இரண்டு நாளும் மீன் குழம்பும் சோறும் போட்டார், சாப்பாட்டுக்குக் காசு வாங்கவே இல்லை.

தாமதமான அந்த இரண்டு நாளுக்கு அலுவலகத்தில் சம்பளத்தைப் பிடித்தார்கள். மேலாளர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் வேலையிலிருந்து பந்தி வரை நாங்கள் நான்கு நாள் நின்றோமே, அதற்கு யாரும் கணக்கு எழுதவில்லை. இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். திரும்பும் கப்பலுக்கு மூன்று நாள் முன்பே போர்ட் பிளேர் வந்துவிடுங்கள். நெல்லிக்காயை மறக்காதீர்கள்.