டாக்டர் பதில்கள்: இத்தனை ஸ்கேன் எடுத்த பிறகும் ஏன் உறுதியாகச் சொல்வதில்லை?

கேள்வி: என் அண்ணனுக்கு 46 வயது. திடீரென்று வலிப்பு வந்ததால் முதலில் சி.டி. ஸ்கேன், அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மூளையின் இடப்பக்கம் கட்டி என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. என்ன கட்டி என்று கேட்டால், "ஆபரேஷனுக்குப் பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும்" என்கிறார் டாக்டர். அதற்குள் இன்னொரு எம்.ஆர்.ஐ.யும் எழுதிக் கொடுத்திருக்கிறார். இரண்டு ஸ்கேனில் தெரியாதது மூன்றாவதில் தெரிந்துவிடுமா?

பதில்: டாக்டர் எதையும் மறைக்கவில்லை சகோதரி. கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது, பக்கத்தில் எதை அழுத்துகிறது, சுற்றிலும் எவ்வளவு வீக்கம் என்பதையெல்லாம் எம்.ஆர்.ஐ. மிகத் தெளிவாகக் காட்டிவிடும். அது எந்த வகைக் கட்டி என்பதில்தான் சிக்கல்.

ஸ்கேனின்போது கையில் ஒரு ஊசி போட்டிருப்பார்கள். அது கடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்து. மூளையின் ரத்தக் குழாய்கள் சாதாரணமாக அதை வெளியே விடாது, ஆனால் நோய் தாக்கிய இடத்தில் அந்தத் தடுப்பு உடைந்து மருந்து கசிவதால் படத்தில் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். சில படங்களில் ஓரம் மட்டும் வெள்ளை வளையமாகவும் நடுவே கறுப்பாகவும் இருக்கும். இந்த வளையத்தைப் பார்த்ததும் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிட முடியாது. கிளையோபிளாஸ்டோமா என்ற கடுமையான புற்றுநோயும் இப்படித் தெரியும், நுரையீரலிலிருந்து பரவி வந்த கட்டியும் இப்படித் தெரியும், புற்றுநோயே இல்லாத சீழ்க்கட்டியும் இப்படித்தான் தெரியும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. டிஃப்யூஷன் என்ற ஒரு வகை எம்.ஆர்.ஐ. படம் இங்கே பெரிதும் கைகொடுக்கும்: கெட்டியான சீழுக்குள் நீர் மூலக்கூறுகள் எளிதாக நகர முடியாது என்பதால் அந்த இடம் பளிச்சென்று தெரியும், புற்றுக்கட்டியின் அழுகிய நடுப்பகுதி பெரும்பாலும் அப்படித் தெரியாது.

உங்கள் அண்ணனுக்கு எழுதியிருப்பது ஃபங்ஷனல் எம்.ஆர்.ஐ.யாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு மூளையின் இடப்பக்கத்தில்தான் இருக்கிறது. விரலை அசைக்கச் சொல்லியும், வார்த்தைகளை மனதுக்குள் சொல்லச் சொல்லியும் படம் எடுத்து, அந்த வேலையைச் செய்யும் பகுதிகள் கட்டிக்கு எவ்வளவு அருகில் இருக்கின்றன என்று பார்ப்பார்கள். கட்டியின் பெயரைக் கண்டுபிடிக்க எடுப்பதல்ல இது. எந்த வழியாகப் போனால் பேச்சுக்கும் கை காலுக்கும் சேதம் குறையும் என்று சர்ஜன் திட்டம் போடுவதற்காக எடுப்பது, அதனால் தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள்.

சரி, பெயர் எப்போது தெரியும்? எடுத்த திசுவைப் பரிசோதித்த பிறகுதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ம் ஆண்டு வகைப்பாட்டின்படி, ஐ.டி.எச். போன்ற மரபணுக்களில் மாற்றம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் பல கட்டிகளுக்குப் பெயரே வைக்கிறார்கள். ஸ்கேனை வைத்து ஊகிக்கலாம், சில சமயம் நன்றாகவே ஊகிக்கலாம், மூளையின் மேலுறையில் வளரும் மெனிஞ்சியோமாவை அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட் பெரும்பாலும் படத்திலேயே சொல்லிவிடுவார். ஆனாலும் கீமோ, ரேடியேஷன் போன்ற சிகிச்சைகளை முடிவு செய்யப் பொதுவாகத் திசு ரிப்போர்ட் வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வீக்கம் குறைய டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுப்பது வழக்கம். லிம்போமா என்ற புற்றுநோய் வகையாக இருந்தால் அந்த மருந்திலேயே கட்டி சுருங்கி, பயாப்சி என்ற திசுப் பரிசோதனையில் ஒன்றும் பிடிபடாமல் போகலாம். அதனால் அதை எப்போது தொடங்குவது என்பது டாக்டர் முடிவு. நீங்களாக வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம், கொடுத்துக்கொண்டிருப்பதைத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது, திரும்ப எடுப்பதில் அந்தப் பயம் வேண்டாம். பேஸ்மேக்கர், உடலுக்குள் உலோக கிளிப், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டாவது கருத்துக் கேட்கப் போனால் ரிப்போர்ட் தாளோடு படங்கள் பதிந்த டிஸ்கையும் கொண்டுபோங்கள், சர்ஜன் படத்தைத் தன் கண்ணால் பார்த்துத்தான் பேசுவார்.