அண்ணனின் வயது

வணக்கம் சார்,
என் அண்ணனுக்கு 22 வயதில் மனச்சிதைவு என்றார்கள். இப்போது 47. பார்த்தால் அறுபத்தைந்து சொல்லலாம். போன வாரம் ரேஷன் கடையில் “அப்பாவையும் கூட்டிட்டு வந்துட்டீங்களா” என்று கேட்டார்கள், அவர் காதில் விழுந்துவிட்டது. அதற்கு ஓலான்சபின் மாத்திரை சாப்பிடுகிறார், நாளைக்கு இரண்டு கட்டு பீடி. இந்த நோய் செல்களையே சீக்கிரம் கிழடாக்கிவிடும், டெலோமியர் டெஸ்ட் எடுத்தால் தெரியும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். எடுக்கலாமா? என் பையனுக்கு 17 வயது, அவனுக்கும் வருமா? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள சகோதரிக்கு,

அவர் காதில் விழுந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரமாகிவிட்டது.

டெஸ்ட் வேண்டாம். டெலோமியர் என்பது குரோமோசோமின் நுனி. முந்தானை நூல் பிரியாமலிருக்க முடிச்சுப் போடுகிறோமே, அந்த மாதிரி. செல் பிரியப் பிரிய அது தேயும், அதை ஆராய்ந்த மூவருக்கு 2009இல் நோபல் கொடுத்தார்கள். சரி, மனச்சிதைவு உள்ளவர்களின் ரத்தத்தில் பார்த்தபோது? சில ஆய்வுகளில் குட்டை, சிலவற்றில் வித்தியாசமே இல்லை, ஒன்றிரண்டில் நீளம்கூட. புகையிலையும் அதைத் தேய்க்கும். ஆக, உங்கள் அண்ணனின் ரிப்போர்ட்டில் ஒரு எண் வந்தால் அதை வைத்து எந்த டாக்டரும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் வீடியோக்காரர் முழுக்கக் கதை விடவில்லை. 2024இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் அமெரிக்க மரபியலாளர் ஸ்டீவன் மெக்கரோல் குழுவின் ஆய்வு ஒன்று வந்தது. 22 வயது முதல் 97 வரை, இறந்துபோன 191 பேரின் மூளையில் முன்பகுதியை எடுத்து செல் செல்லாகப் பார்த்தார்கள். நியூரான்கள் என்ற நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இணைப்புக்கான ஜீன்களும், பக்கத்திலேயே இருந்து அவற்றைப் பராமரிக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களில் கொழுப்பு தயாரிக்கும் ஜீன்களும் சேர்ந்தே சுறுசுறுப்பாகின்றன, சேர்ந்தே மந்தமாகின்றன. இந்தக் கூட்டு வேலை மனச்சிதைவு இருந்தவர்களிடம் மந்தமாக இருந்தது, வயதானவர்களிடமும் மந்தமாக இருந்தது. வீடியோக்காரர்கள் இங்கேதான் ஒரே தாவாகத் தாவுகிறார்கள். காய்ச்சலிலும் உடம்பு சுடும், வெயிலில் நின்றாலும் சுடும். அதற்காக வெயிலைக் காய்ச்சல் என்பதா?

இந்தப் பயம் புதிதில்லை. நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் கிரேப்லின் என்ற ஜெர்மன் மனநல மருத்துவர் இந்த நோய்க்கு ‘இளமையிலேயே வரும் மூளைத் தேய்வு’ என்ற பொருளில்தான் பெயர் வைத்தார். சென்னையில் 1981இல் தொடங்கி, புதிதாக நோய் கண்ட 90 பேரை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பெரும்பாலானோர் கிரேப்லின் சொன்னபடி சரிந்துபோகவில்லை.

ஜீன் விஷயம். இது ஒரு ஜீன் கோளாறு இல்லை. 2022இன் பெரிய ஆய்வு மரபணுத் தொகுதியில் 287 இடங்களைக் காட்டியது, ஒவ்வொன்றின் பங்கும் துளித்துளி. நம் ஊர் சங்கதியும் ஒன்று உண்டு: மனச்சிதைவை ஆராயும் சென்னை ஸ்கார்ஃப் அமைப்பும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆட்களும் இந்தியர்களிடம் செய்த ஆய்வில் (2019) நியாசின் என்ற வைட்டமினைச் செல் பயன்படுத்திக்கொள்ள உதவும் ஜீன் ஒன்று சிக்கியது. உடனே நியாசின் மாத்திரை வாங்க மெடிக்கலுக்கு ஓடாதீர்கள், அந்த ஆய்வு அப்படி எதையும் சொல்லவில்லை. உங்கள் பையனுக்கு நோயுள்ளவர் தாய்மாமன். பொதுவாக நூறில் ஒருவருக்கு வருவது அவன் உறவு நிலையில் நூறில் மூன்று நான்கு பேருக்கு வரலாம். மிச்சம் தொண்ணூற்றாறு பேரில் அவனையும் வைத்துப் பாருங்கள். கஞ்சா பக்கம் மட்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த அறுபத்தைந்து வயசு முகம். அதில் எத்தனை வருஷம் பீடி, எத்தனை வருஷம் கொட்டிப்போன பல், எத்தனை வருஷம் மாத்திரையால் ஏறிய எடையும் சர்க்கரையும்? இந்த நோய் உள்ளவர்கள் சராசரியாகப் பதினைந்து வருஷம் போல முன்னதாகவே இறக்கிறார்கள். அதில் தற்கொலையும் உண்டு, ஆனால் பெரும் பங்கு இதயத்துக்கும் மற்ற உடல் நோய்களுக்கும்தான். டெஸ்டுக்கு எடுத்து வைத்த காசில் சர்க்கரை, கொலஸ்ட்ரால், பிபி பாருங்கள். எடையை மாதாமாதம் ஒரு நோட்டில் குறியுங்கள். பல் டாக்டரிடமும் ஒருமுறை.

பீடியை விடுகிறேன் என்று அவரே ஒரு நாள் சொன்னால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அன்றே மனநல டாக்டருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். புகை கல்லீரலை உசுப்பிவிட்டு ஓலான்சபினை வேகமாகக் கழித்துவிடும், அதற்கேற்ப அவருடைய டோஸ் கூடுதலாக இருக்கலாம். புகை திடீரென்று நின்றால் அதே மாத்திரை ரத்தத்தில் ஏறும், பகலெல்லாம் தூங்கி வழிவார், நோய் முற்றிவிட்டது என்று நீங்கள் பயப்படுவீர்கள்.