கிறிஸ்துமஸ் கூடைக்குப் பிறகு: வாசகர் கேள்வி பதில்

தேவாலயங்கள் செய்யும் அறப்பணிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் ஆறு கடிதங்களைச் சுருக்கி இங்கே வெளியிடுகிறோம். மலேசியாவின் பினாங்கில் ஒரு தமிழ்ச் சபையின் பொருளாளராகப் பல ஆண்டுகள் இருந்த நம் எழுத்தாளர் பதில் அளிக்கிறார்.

எங்கள் சபையில் ஏறத்தாழ எண்பது குடும்பங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு டிசம்பரிலும் அருகிலுள்ள மலிவு விலை அடுக்குமாடி வீடுகளுக்கு அரிசி, பிஸ்கட் டின், கெட்டிப்பால், ரோஸ் சிரப் ஆகியவை அடங்கிய கூடைகளை வழங்கி வருகிறோம். "இது நம் மனநிறைவுக்காகச் செய்வது, அவர்களுக்காக அன்று" என்று இளைஞர்கள் சிலர் இவ்வாண்டு சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். கூடை வழங்குவதை நிறுத்திவிட வேண்டுமா?
*வாசகர், பட்டர்வொர்த்*

நிறுத்த வேண்டாம். ஆனால் அந்த இளைஞர்களைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம், ஏனெனில் அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. கூடையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் யார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பேரங்காடியில் அந்த வாரம் எது மலிவாகக் கிடைத்ததோ, எதை அடுக்கினால் கூடை நிறைவாகத் தெரிந்ததோ, அதுவே உள்ளே போயிருக்கும். நீங்கள் குறிப்பிட்ட நான்கு பொருள்களில் மூன்று இனிப்பு. 2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. நம் இனத்தாரிடையே அது இன்னும் அதிகம் என்பதை ஆய்வைப் பார்க்காமலேயே நம் வீடுகளில் காணலாம். கால் விரலை இழந்துவிட்ட ஒரு முதியவரின் வீட்டு வாசலில் சிரப் பாட்டிலோடு நின்று கிறிஸ்துமஸ் பாடல் பாடிய குழுவில் நானும் இருந்திருக்கிறேன் என்பதால் இதைப் பிறர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை.

இன்னொரு நிகழ்ச்சி இதைவிட எனக்கு உறைத்தது. தனியாக வாழ்ந்த ஓர் அம்மையாருக்குப் பத்துக் கிலோ அரிசி கொடுத்துவிட்டு வந்தோம். மூன்று மாதம் கழித்து வேறு காரியமாக அங்கே சென்றபோது, அந்த அரிசிப் பை பிரிக்கப்படாமல் அப்படியே சுவரோரம் இருந்தது. சமையல் எரிவாயு தீர்ந்துபோயிருந்தது. அரசாங்கத்தின் உதவித்தொகை விலையில் 14 கிலோ தோம்பு 26 ரிங்கிட் 60 சென்தான். பணம்கூட அவர் எப்படியோ புரட்டியிருப்பார், அதை நான்காம் மாடிக்குத் தூக்கிக்கொண்டுபோய் மாட்டிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. நாங்கள் கேட்கவில்லை. கொடுக்க வந்தவர்களிடம் குறை சொல்வது மரியாதை ஆகாது என்று எண்ணி அவரும் சொல்லவில்லை.

கேட்பதற்கு ஒரு முறை உண்டு, அது பழைய முறை. 1833ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் அவருடைய நண்பர்களும் வின்சென்ட் தெ பால் சபையைத் தொடங்கினார்கள். ரோசாலி என்ற கன்னியர் காட்டிய ஏழைக் குடும்பங்களின் வீடுகளுக்கு அவர்கள் இருவர் இருவராகச் செல்வார்கள், உட்கார்ந்து பேசுவார்கள், வாரந்தோறும் கூடித் தாங்கள் கண்டதைச் சொல்வார்கள், அக்கூட்டத்திலேயே யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாதபடி ஒரு பையைச் சுற்றிவரச் செய்து பணம் சேர்ப்பார்கள். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் கத்தோலிக்கப் பங்குகளில் அச்சபை இன்றும் இயங்குகிறது. நீங்கள் கத்தோலிக்கராக இல்லாவிட்டாலும் அம்முறையைக் கடன் வாங்குவதற்கு யாரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை.

எண்பது குடும்பங்களிலிருந்து பதினைந்து இணைகளைத் திரட்ட முடியும் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இணைக்கு இரண்டே வீடுகள். மாதம் ஒரு முறை வெறுங்கையோடு போய்ப் பேசிவிட்டு வர வேண்டும். நூறு கூடை கொடுத்த சபை முப்பது வீடுகளோடு நின்றுவிடுகிறதே என்று மூப்பர்கள் வருத்தப்படக்கூடும். அந்த வருத்தத்தைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். ஆறு மாதம் சென்றால் தேவைகளின் உண்மையான முகம் தெரியவரும். சிறுநீரகம் செயலிழந்தவர் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்ல வேண்டும். சிகிச்சைக்கு உதவித்தொகை கிடைத்தாலும் போக வர வண்டிக்குக் கொடுப்பதற்கே குடும்பம் திணறும். அரசாங்க மருந்தகத்தில் கட்டணம் ஒரு ரிங்கிட், அங்கே போய்ச் சேர இருபது ரிங்கிட் என்னும் கணக்கு நம் ஊரில் பலருக்குப் பழக்கமானது. உங்கள் சபையில் எத்தனை பேர் பணி ஓய்வு பெற்றுக் காரை வீட்டில் நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்பதை நான் கேட்கவில்லை, நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

அரசாங்கத்தின் ரஹ்மா உதவித்தொகை, மைகார்டு என்னும் அடையாள அட்டை வழியாக வரும் சாரா உதவி, சமூக நல இலாகாவின் மாத உதவி ஆகியவற்றுக்குத் தகுதி இருந்தும் பாரம் நிரப்பத் தெரியாமல், கைப்பேசி எண் மாறிவிட்டதால், அல்லது பிறப்புப் பத்திரம் தொலைந்துவிட்டதால் பெறாமல் இருப்பவர்களையும் சந்திப்பீர்கள். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு ஆயுளைக் கழித்துவிட்ட முதியவர்களுக்குக் குடிமக்களுக்கான உதவிகள் வருவதில்லை. அவர்களைத் தேசியப் பதிவு இலாகாவுக்கு அழைத்துச் சென்று, எத்தனை முறை அலைந்தாலும் உடன் இருப்பது சபையின் பணப்பெட்டியைத் தொடாத அறப்பணி. பணம் தேவைப்படும் இடமும் உண்டு. 2026 முதல் பள்ளியாண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது. பள்ளித் தொடக்க உதவியாக அரசாங்கம் கொடுக்கும் 150 ரிங்கிட் ஒரு பிள்ளையின் சீருடை, காலணி, புத்தகப்பை ஆகியவற்றோடு தீர்ந்துவிடும், பேருந்துக் கட்டணம் மீதி நிற்கும். டிசம்பரில் கூடைக்குச் செலவிடுவதில் பாதியை ஜனவரிக்கு ஒதுக்குங்கள்.

அப்படியானால் கூடை எதற்கு என்று கேட்பீர்கள். பண்டிகைக்காகத்தான். நம் வீட்டு முறுக்கும் கேக்கும் அடுத்த வீட்டுக்குத் தட்டில் போவதை யாரும் தர்மம் என்று சொல்வதில்லை. ஆண்டு முழுவதும் போய்வந்த வீட்டுக்கு டிசம்பரில் அப்படியே கொண்டுபோங்கள். படம் எடுக்க வேண்டாம்.

எங்கள் ஆண்டறிக்கையில் "நலப்பணிச் செலவு" என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்காகக் கொடுக்கும் தசமபாகத்திலும் காணிக்கையிலும் எவ்வளவு ஏழைகளுக்குப் போகிறது என்று கேட்டால் அது விசுவாசக் குறைவு என்கிறார்கள்.
*வாசகி, ஜெலுத்தோங்*

விசுவாசக் குறைவு அன்று, சகோதரி. எருசலேம் சபையின் ஏழைகளுக்காகப் பணம் திரட்டிய பவுல், அந்தப் பெருந்தொகையைப் பற்றி ஒருவரும் தம்மைக் குற்றம் சாட்ட இடம் இருக்கக்கூடாது என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில் கவலைப்படுகிறார். சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரைத் தம்மோடு வரச் செய்கிறார். அப்போஸ்தலருக்கே சாட்சி தேவைப்பட்டது என்றால் நம் பொருளாளர்களுக்குத் தேவைப்படாதா? முன்னாள் பொருளாளன் என்ற முறையில் சொல்கிறேன், கணக்கைத் திறந்து காட்டச் சொல்பவர்தான் பொருளாளரின் நல்ல நண்பர். சந்தேகத்தை வெளியில் பேசிவிட்டு உள்ளே அமைதியாக இருப்பவர் அல்லர்.

எத்தனை விழுக்காடு என்பதற்கு வேதத்தில் ஒரே அளவு இல்லை. ஆயினும் உபாகமம் பதினான்காம் அதிகாரத்தில், மூன்றாம் ஆண்டின் தசமபாகத்தை ஊருக்குள்ளேயே வைத்து, லேவியனும் அந்நியனும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் உண்ணக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. தசமபாகம் என்றவுடன் கூரையும் குளிர்சாதனமும் மட்டுமே நினைவுக்கு வரும் செயற்குழுக்களுக்கு அந்தப் பகுதியை வாசித்துக் காட்டலாம்.

நடைமுறையில், தொகை வெளிப்படையாகவும் பெயர் மறைவாகவும் இருக்க வேண்டும். மருத்துவப் பயணம், பள்ளிச் செலவு, வாடகை, மளிகை, ஈமச்சடங்கு எனத் தலைப்புவாரியாக எத்தனை குடும்பங்களுக்கு எவ்வளவு என்று அறிக்கையில் வரட்டும். எந்தக் குடும்பம் என்பது எண்ணாக மட்டும் பதிவேட்டில் இருக்கட்டும். போதகர் உடனடியாகக் கொடுப்பதற்கென்று ஒரு சிறு தொகையை உச்சவரம்போடு ஒதுக்கலாம், அதற்கும் சீட்டு வேண்டும். காணிக்கையை உறவினர் அல்லாத இருவர் ஆலயத்திலேயே எண்ணிக் கையெழுத்திட வேண்டும். உங்கள் சபை சங்கமாகப் பதிவு பெற்றிருந்தால், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாள்களுக்குள் கணக்கறிக்கை சங்கப் பதிவிலாகாவுக்குச் செல்ல வேண்டும் என்பது 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டம். அரசாங்கத்துக்குக் காட்டும் கணக்கைச் சபையாருக்குக் காட்டுவதில் என்ன தயக்கம்? அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு கத்தரிக்காயை நூறு ரிங்கிட்டுக்கு எடுக்கும் நம் மக்கள், அந்த நூறு எங்கே போயிற்று என்று தெரிந்தால் அடுத்த ஆண்டு இருநூறுக்கும் எடுப்பார்கள்.

சபைக்குக் கொடுக்கும் காணிக்கைக்கு வருமான வரிக்கழிவு உண்டா?
*வாசகர், பாயான் லெப்பாஸ்*

ஞாயிறு காணிக்கைக்கும் தசமபாகத்துக்கும் பொதுவாக இல்லை. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குப் பணமாகக் கொடுத்தால், உங்கள் மொத்த வருமானத்தில் பத்து விழுக்காடு வரை கழிவு கேட்கலாம். அரிசியும் பழைய துணியும் அக்கணக்கில் சேரா. ரசீதை ஏழு ஆண்டுகள் வைத்திருங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: வீடு வீடாகவோ தெருவிலோ நிதி திரட்ட 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறையின் அனுமதி தேவை, "ஆலயத்துக்காகத்தானே" என்பது அனுமதி ஆகாது.

உணவுப் பொட்டலத்தோடு நற்செய்தித் துண்டுப் பிரசுரம் வைக்கலாமா? எங்கள் வட்டாரத்தில் எல்லா இனத்தாரும் இருக்கிறார்கள்.
*வாசகர், ஆயர் ஈத்தாம்*

வைக்க வேண்டாம். கூட்டரசு அரசியலமைப்பின் பதினொன்றாம் பிரிவு சமய உரிமையை அளிக்கும் அதே வேளையில், முஸ்லிம்களிடையே பிற சமயக் கோட்பாடுகளைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தவும் இடம் தருகிறது. இது நீங்கள் அறிந்ததே. சட்டம் இல்லாவிட்டாலும் என் பதில் மாறாது. பசியோடு இருப்பவர் பொட்டலத்தை மறுக்க முடியாது, ஆகவே உள்ளே இருக்கும் காகிதத்தையும் அவரால் மறுக்க முடியாது. மறுக்க முடியாதவரிடம் பேசுவது சாட்சி ஆகாது. 2021ஆம் ஆண்டு முடக்கக் காலத்தில் மக்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டியபோது, உதவிக்கு வந்தவரின் சமயத்தை யாரும் கேட்கவில்லை. பொட்டலத்தில் இருக்கும் பொருள்களுக்கு ஹலால் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இது பலரும் மறந்துவிடும் மரியாதை.

எங்கள் ஆலயத்தில் தமிழ், ஆங்கிலம், சீனம் என மூன்று வழிபாடுகள். உதவிக் குழுவில் ஆங்கிலம் பேசுபவர்களே இருப்பதால் தமிழ்க் குடும்பங்களின் தேவை அவர்கள் காதுக்கு எட்டுவதில்லை. இதைப் பேசினால் பிரிவினை என்பார்களோ?
*வாசகி, புக்கிட் மெர்தாஜாம்*

திருச்சபையின் முதல் உதவிக் குழுவே இந்தப் புகாரிலிருந்து பிறந்ததுதான். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தைப் பாருங்கள்: அன்றாடப் பந்தியில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறுமுறுத்தார்கள். யாரும் அவர்களைப் பிரிவினைக்காரர் என்று சொல்லவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரின் கையிலேயே பந்தி விசாரணையை ஒப்படைத்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது. எனவே குறையாக எழுதாமல், குழுவில் சேர முன்வரும் இரண்டு தமிழர்களின் சம்மதத்தோடு செயற்குழுவுக்கு எழுதுங்கள். அவர்கள் எல்லா மொழிக் குடும்பங்களுக்கும் போகத் தயாராக இருக்க வேண்டும்.

என் கணவர் படுக்கையில் இருக்கிறார். சபையிலிருந்து மாதந்தோறும் அரிசி, மளிகை தருகிறார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லோர் முன்னிலையிலும் பையை வாங்கிக்கொண்டு போகக் கூச்சமாக இருக்கிறது. மாதர் ஐக்கியத்துக்கு ஒவ்வொருவரும் பதார்த்தம் கொண்டுவர வேண்டும் என்பதால் அங்கே போவதையும் நிறுத்திவிட்டேன்.
*பெயர் வேண்டாம், பிறை*

அம்மா, கூச்சம் உங்கள் குறை அன்று, கொடுக்கும் முறையின் குறை. பையை வீட்டுக்குக் கொண்டுவந்து தருமாறு போதகரிடமோ அவருடைய துணைவியாரிடமோ ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். சொல்ல முடியாவிட்டால் இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கொடுங்கள். அரிசியைவிடப் பெரியவர்களுக்கான அணையாடையோ, நீங்கள் கடைக்குப் போய்வரும் இரண்டு மணி நேரம் அவரைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளோதான் தேவை என்றால், அதையும் சொல்லுங்கள்.

மற்றவர்களுக்காகப் பணம் திரட்டிய அதே பவுல், சிறையில் இருந்தபோது பிலிப்பியர் அனுப்பியதை வாங்கிக்கொண்டு, எப்பாப்பிரோதீத்துவின் கையிலிருந்து பெற்றேன் என்று பெயர் சொல்லி எழுதினார். நம் பாட்டிமார் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வந்தார்கள், அந்தப் பிடியரிசியைப் போட்டவர்களில் வாங்கிச் சமைத்தவர்களும் இருந்தார்கள். அடுத்த மாதர் ஐக்கியக் கூட்டத்துக்கு ரசம் வைத்துக்கொண்டு போங்கள். புளிக்கும் மிளகுக்கும் பெரிய செலவில்லை. இத்தனை ஆண்டுகளில் எந்தச் சபை விருந்திலும் ரசம் மிஞ்சி நான் பார்த்ததில்லை.