பழைய செக்ரோலைப் பார்க்க ஆள் வருமா?

கேள்வி: எங்கள் தோட்ட வாசிகசாலையில் பழைய செக்ரோல் (தொழிலாளர் வரவு, சம்பளப் பதிவு) புத்தகங்கள், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தக் காலத்துக் கடிதங்கள், படங்கள் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறோம். யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், ஹட்டன்

பதில்: அலுமாரிக்குள் இருப்பதைத் தேடி யார் வருவார்கள்? சம்பள நாள், கோயில் திருவிழா, மாசியில் காமன் கூத்து என்று கூட்டம் சேரும் இடத்துக்கு நகல்களைக் கொண்டுபோங்கள். மூலப் பிரதி வெளியே போகவே கூடாது.

படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, ஏ3 அளவில் அச்சிட்டு, கயிறு கட்டிக் கிளிப்பில் தொங்கவிடுங்கள். கீழே ‘இது யார்?’ என்று எழுதி, வெற்றுக் கோடும் ஒரு பென்சிலும் வையுங்கள். பெரியவர்கள் நின்றுவிடுவார்கள். ஒருவர் சொன்ன பெயரை இன்னொருவரிடமும் கேட்ட பிறகே பதிவேட்டில் ஏற்றுங்கள். அக்கா தங்கையை மாற்றிச் சொல்வது சகஜம்.

செக்ரோல் பிள்ளைகளுக்கு வெறும் கட்டங்கள்தான். ‘அரைப் பேர்’ விழுந்தால் அன்று பாதிச் சம்பளம் என்று ஓரத்தில் விளக்குங்கள். 1964 ஒப்பந்தப்படி இந்திய வம்சாவளியினரில் 525,000 பேருக்கு இந்தியக் குடியுரிமை, 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் உங்கள் தோட்டத்துக் கடிதம் ஒன்று இருக்கட்டும். குடும்பத்தாரின் சம்மதம் கேட்டு, அடையாள இலக்கத்தை மறைத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு படம் போதும். டொகுமென்டாக அனுப்பினால் தெளிவு குறையாது.

மூலத்தை லெமினேட் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது. படத்தின் பின்னால் பேனா வேண்டாம், 2பி பென்சில். மழைக்காலத்தில் அலுமாரியைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம்தான்.