ஒரே திருட்டு, பதினேழு முறை

கேள்வி: என் கணவருக்கு வயது 66. ரிட்டையர் ஆனதிலிருந்து காலை காபி முதல் ராத்திரி வரை செய்திச் சேனல்தான். "ஊரே கெட்டுக் கிடக்கு" என்று வாசலுக்கு இரண்டாவது கிரில் கேட், நான்கு சிசிடிவி கேமரா. மாலை நடைப்பயிற்சியும் நின்றுவிட்டது. 13 வயதுப் பேத்தியை டியூஷனுக்கு சைக்கிளில் விடுவதில்லை. அவரே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார். ஹெல்மெட் போடச் சொன்னால், "பக்கத்துத் தெருதானே" என்கிறார். உண்மையிலேயே காலம் அவ்வளவு மோசமா, இல்லை நான்தான் அசட்டையாக இருக்கிறேனா அக்கா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் அசட்டை இல்லை தங்கையே. அவரும் கோழை இல்லை. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் அதையே பார்த்தால் எனக்கும் மூன்றாவது கேட் போடத் தோன்றும்.

எங்கோ ஒரு ஊரில் ஒருவன் சங்கிலி பறிக்கிறான். கேமராவில் பதிவானது எட்டு விநாடி. அதில் சிவப்பு வட்டம் போட்டு, மெதுவாக ஓட்டி, திகில் பட இசை சேர்த்து, "பட்டப்பகலில் பயங்கரம்" என்று கீழே ஓடவிடுகிறார்கள். காலையில் செய்தி, மதியம் அலசல், இரவில் குற்றத் தொடர். ஒரு திருட்டு பதினேழு முறை வீட்டுக்குள் வந்துவிடுகிறது. மனசு அதைப் பதினேழு திருட்டு என்றே கணக்கு வைக்கும். எந்த ஊர் என்பது மட்டும் ஞாபகத்தில் நிற்காது. பத்திரிகைக்காரியான எனக்கும் இந்தப் பாவத்தில் பங்கு உண்டு; கொலைச் செய்தி போட்ட அட்டை நன்றாக விற்கும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

இது புதுச் சங்கதியும் அல்ல. அமெரிக்காவில் ஜார்ஜ் கெர்ப்னர் என்ற பேராசிரியர் 1960களின் கடைசியிலிருந்தே தொலைக்காட்சி வன்முறையை ஆராய்ந்தார். அதிகம் டிவி பார்ப்பவர்களுக்கு உலகம் இருப்பதைவிடக் கொடூரமாகத் தெரிகிறது என்றார். அந்தப் பயத்தோடு வாட்ஸ்அப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நாம் 2018இல் பார்த்தோம். போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பம், குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிப்பவர்கள் என்று நினைத்து ஊரே திரண்டு அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். "டிவியை அணைங்க" என்று சண்டை போடாதீர்கள், ரிமோட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். ஒரு நோட்டைக் கொடுத்து, ஒரு வாரம் கணக்கு எழுதச் சொல்லுங்கள்: என்ன குற்றம், எந்த ஊர், எத்தனை முறை காட்டினார்கள். ஓய்வு பெற்ற மனிதருக்குக் கணக்கு வேலை பிடிக்கும். கும்பகோணம் எத்தனை முறை வந்தது என்று கடைசியில் அவரே கூட்டிப் பார்க்கட்டும். அப்புறம், மாலை நேரத்தில் பேத்தி சைக்கிளில் போக, அவர் பின்னாலேயே நடந்து வரட்டும். இருவருக்கும் நல்லது.

பேத்தியிடம் தனியாக உட்கார்ந்து பேச வேண்டியது உங்கள் வேலை. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில் பெரும்பாலானவற்றைச் செய்பவர்கள் அவர்களுக்குத் தெரிந்தவர்கள்தான். அதற்கு கிரில் கேட் உதவாது. யார் என்ன செய்தாலும் பாட்டியிடம் வந்து சொல்லலாம், திட்டு விழாது என்ற தைரியம் அவளுக்கு இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது அந்த ஸ்கூட்டர்தான். 2022இல் தமிழ்நாட்டில் பதிவான கொலை வழக்குகள் சுமார் 1,700. அதே ஆண்டு இங்கே சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 17,000க்கும் மேல். கடத்தல்காரனுக்குப் பயந்து பேத்தியை ஹெல்மெட் இல்லாமல் ஏற்றிக்கொண்டு போகிறார் மனிதர்! கேமரா வாங்கியது வாங்கியாகிவிட்டது, இருக்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டு ஹெல்மெட் வாங்கிவிடுங்கள். நிறத்தைப் பேத்தி தேர்ந்தெடுக்கட்டும்.