ரத்தப் பரிசோதனை நார்மல், ஆனாலும் அசதி தீரவில்லை

கேள்வி: எனக்கு 52 வயது. மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகிறது. எட்டு மணி நேரம் படுத்தாலும் அசதியோடுதான் எழுகிறேன். காலையில் தலை கனக்கிறது, இரவில் மூன்று முறையாவது சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் எல்லாம் நார்மல், 'இந்த வயதில் இப்படித்தான்' என்று சொல்லிவிட்டார்கள். இது ஸ்லீப் ஆப்னியாவாக இருக்குமா? நான் குண்டு இல்லை, குறட்டையும் லேசாகத்தான் விடுகிறேனாம்.

பதில்: இருக்கலாம். 'இந்த வயதில் இப்படித்தான்' என்பதை நான் ஏற்கமாட்டேன். இந்த வயதில் ஏன் இப்படி என்று கேட்டிருக்க வேண்டும்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுக்குழல் அடைபடுவதுதான் ஸ்லீப் ஆப்னியா. மூச்சு 10 நொடியாவது நின்றால்தான் கணக்கில் வரும், சிலருக்கு அது ஒரு நிமிடம்கூட நீளும். மூளை பதறி உங்களை அரைகுறையாக எழுப்பிவிடும், காலையில் எதுவும் நினைவிருக்காது. புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் மூச்சைத் தூண்டிவிடும், தொண்டைத் தசைகளையும் விறைப்பாக வைத்திருக்கும். மாதவிடாய் நின்றதும் அந்தத் துணை போய்விடுகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் பெண்களின் தூக்கத்தை ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள், வயதையும் எடையையும் கழித்துப் பார்த்த பிறகும் மாதவிடாய் நின்றவர்களுக்கு ஓரளவு தீவிரமான ஆப்னியா இருக்கும் வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. அதனால் 'குண்டு இல்லை' என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

பெரிய குறட்டை, உட்கார்ந்த இடத்தில் தூங்கி வழிவது என்று நாங்கள் படித்த அடையாளங்கள் பெரும்பாலும் ஆண்களைப் பார்த்து எழுதியவை. ஆப்னியா இருக்கும் வாய்ப்பைக் கணிக்க ஸ்டாப் பேங் என்று எட்டுக் கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது, அதில் ஆணாகப் பிறந்ததற்கே ஒரு மதிப்பெண் உண்டு! பெண்கள் வந்து சொல்வது வேறு: அசதி, தூக்கமின்மை, காலைத் தலைவலி, எரிச்சல், மறதி. கேட்பவர் மனச்சோர்வு என்றோ மெனோபாஸ் என்றோ எழுதிவிடுகிறார்.

நீங்கள் சிறுநீர் கழிக்க எழுவதும் எனக்குச் சந்தேகத்தைக் கூட்டுகிறது. அடைபட்ட குழலுக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து இதயத்துக்கு ரத்தம் அதிகமாக வருகிறது, உடம்பில் நீர் கூடிவிட்டது என்று இதயம் ஏமாந்துபோய் உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனைச் சுரக்கிறது. பிறகு சிறுநீர்ப்பை நிறையாமல் என்ன செய்யும்? சர்க்கரையும் சிறுநீர்த் தொற்றும் இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்த 'எல்லாம் நார்மல்' ரிப்போர்ட்டையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தைராய்டு, பி12 பார்த்தார்களா? ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருந்தால் அசதி வரும், கால்களை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றி தூக்கமும் கெடும்.

அப்புறம், தூக்கப் பரிசோதனை கேளுங்கள். மூச்சு தடைபடுவது மணிக்கு 5 முறைக்குக் கீழே இருந்தால் நார்மல், அதற்கு மேல் லேசானது, 15 முதல் மிதமானது, 30 முதல் கடுமையானது. வீட்டில் செய்யும் பரிசோதனையில் பெரும்பாலும் நீங்கள் விழித்துப் புரளும் நேரமும் சேர்ந்தே கணக்காகும், மூளை விழிப்பதும் பதிவாகாது, அதனால் எண்ணிக்கை குறைந்து தெரியலாம். பெண்களுக்குத் தடைகள் கனவுத் தூக்கத்தில் குவிவதும் சகஜம், முழு இரவின் சராசரியில் அது மறைந்துவிடலாம். அதனால் வீட்டுப் பரிசோதனை நார்மல் என்று வந்தாலும் விடாதீர்கள், ஓர் இரவு ஆய்வகத்தில் படுத்துச் செய்வதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆப்னியா என்று உறுதியானால் மாஸ்க் வழியாகக் காற்றழுத்தம் தரும் சிபாப் கருவிதான் முதல் வழி. முதல் சில வாரம் தொல்லையாகத்தான் இருக்கும், மாஸ்க் அளவை மாற்றிப் பாருங்கள், கழற்றி வைத்துவிடாதீர்கள். லேசானது என்றால் கீழ்த்தாடையை முன்னே நகர்த்தும் பல் கருவி, ஒருக்களித்துப் படுப்பது இவையே சிலருக்குப் போதும். உடல் சூடு, வியர்வைக்கு ஹார்மோன் சிகிச்சை உதவும், ஆனால் ஆப்னியாவுக்கு மருந்தாக அதைத் தருவதில்லை.

அதுவரை யார் கொடுத்தாலும் தூக்க மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள், சில மாத்திரைகள் தொண்டையை இன்னும் தளர்த்திவிடும். வண்டி ஓட்டும்போது கண் சொக்கினால் பரிசோதனை முடியும்வரை ஓட்ட வேண்டாம். நடந்தால் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு இறுக்குகிறது என்றால் தூக்கத்தை விடுங்கள், முதலில் இதயத்தைப் பார்க்கச் சொல்லி இன்றே போங்கள்.