சாமியறையில் மாட்டிய ஒப்பந்தம்

கேள்வி: நான் கனடாவில் ஸ்கார்பரோவில் வசிக்கிறேன். என் பதினாறு வயது மகன் பள்ளிக் கூடைப்பந்து அணியின் முக்கிய ஆட்டக்காரன். இங்கே ஹாமில்டனில் வளர்ந்த கூடைப்பந்து ஆட்டக்காரர் ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் 2025-இல் நான்கு ஆண்டுகளுக்கு 285 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டார். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் சம்பளம் ஏறிக்கொண்டே போவதால், மகன் அங்கே போய்ச் சேரும்போது இதுவும் சிறிய தொகையாகிவிடும் என்கிறார் என் மச்சான். அமெரிக்காவில் ஒரு தனியார் பயிற்சிப் பள்ளியில் அவனைச் சேர்க்க, வீட்டின் மீது மேலும் கடன் வாங்க எண்ணியிருந்தோம். இந்த நேரத்தில், நான்கு மாதமாக முழங்கால் வலியை எங்களிடம் மறைத்து அவன் ஆடியிருப்பது தெரியவந்தது. மருத்துவர் ஓய்வு எடுக்கச் சொல்கிறார். அவன் சோம்பேறி அல்ல. முதல் ஒப்பந்தத்தில் வீட்டுக் கடன் முழுவதையும் அடைப்பேன் என்று பதின்மூன்று வயதிலேயே எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தவன். அந்தத் தாளைச் சட்டமிட்டுச் சாமியறையில் மாட்டியிருக்கிறோம். கடன் வாங்கலாமா? ஓய்வுக் காலத்தில் அவனுடைய ஊக்கம் குறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

பதில்: தம்பி, கடன் வாங்க வேண்டாம். முதல் கேள்விக்கு இதற்கு மேல் நீட்டத் தேவையில்லை. இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. நான்கு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு வலியோடு ஆடிய பிள்ளைக்கு ஊக்கம் குறைந்துவிடுமோ என்று கவலைப்படுகிறவருக்கு எந்த யோசனை சொன்னாலும், அதன் பாரம் கடைசியில் அந்தப் பிள்ளையின் முழங்காலில்தான் இறங்கும். பிள்ளை நாளைக்குச் சம்பாதிக்கப்போவதை இன்றைக்கே வரவில் எழுதிவிடும் பெற்றோரின் கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. மருத்துவம், கணினி, கிரிக்கெட் என்று துறைதான் மாறும். உங்கள் கடிதத்தில் நான் இதுவரை காணாத ஒன்று இருந்தது. அது சாமியறையில் மாட்டிய அந்தத் தாள்.

மகன் சோம்பேறி அல்ல என்பதற்குச் சான்றாக, போகிற போக்கில் அதைச் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதிய இரண்டு செய்திகளைச் சேர்த்து ஒருமுறை படித்துப் பாருங்கள். அவன் வலியை மறைத்தான். அவனுடைய கையெழுத்து சாமியறையில் தொங்குகிறது. திருநீறு எடுக்கப் போகும்போதெல்லாம், உங்கள் வீட்டுக் கடனுக்குத் தான் பொறுப்பேற்ற எழுத்தைத் தெய்வப் படங்களுக்கு நடுவே பார்க்கிற சிறுவன், "அப்பா, கால் வலிக்கிறது" என்று எப்படிச் சொல்வான்? சொன்னால் அவன் கண்ணில் அது நோயைப் பற்றிய பேச்சாக இராது, வாக்குத் தவறியதாக இருக்கும். அந்தத் தாளை எழுதும்படி யார் சொன்னார்கள், எந்தச் சந்தர்ப்பத்தில் எழுதினான், அதைப் பார்த்து அவனுடைய தாய் என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. அவனாகவே ஆசையாக எழுதினான் என்றே வைத்துக்கொள்வோம். பதின்மூன்று வயதுப் பிள்ளை ஆசையில் எழுதித் தந்தால், அவனைக் கட்டிக்கொண்டு, "இது என் கடன், நீ போய் விளையாடு" என்று திருப்பிக் கொடுக்க வேண்டியவர் நீங்கள். நீங்கள் அதற்குச் சட்டம் வாங்கி வந்தீர்கள்.

என்.பி.ஏ. சம்பளம் உயர்ந்த வரலாறு உங்கள் வீட்டில் தினசரிப் பேச்சாக இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் அதில் பாதியைத்தான் உங்கள் மச்சான் சொல்லியிருக்கிறார். 1970-களின் நடுப்பகுதி வரை ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் விரும்பிய அணிக்குப் போக முடியாது. அவரை வைத்துக்கொள்வதும் கைமாற்றுவதும் அணியின் விருப்பம். 1964-இல் பாஸ்டனில், எல்லா அணிகளின் சிறந்தவர்களும் கூடி ஆடும் நட்சத்திர ஆட்டம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகவிருந்த வேளையில், ஓய்வூதியத்துக்கு உறுதி கிடைத்தாலொழியக் களத்துக்கு வரமாட்டோம் என்று ஆட்டக்காரர்கள் அறைக்குள்ளேயே இருந்தார்கள். உறுதி கிடைத்த பிறகே ஆடினார்கள். ஆட்டக்காரர் சங்கத் தலைவராக இருந்த ஆஸ்கர் ராபர்ட்சன் 1970-இல் வழக்குத் தொடுத்தார். 1976-இல் அது சமரசத்தில் முடிந்தபோதுதான், வேறு அணிக்குப் போகும் உரிமைக்கு வழி திறந்தது. என்.பி.ஏ. வருவாயில் 53 விழுக்காடு ஆட்டக்காரர்களுக்கு என்று 1983 உடன்பாடு உறுதி செய்தது. அதன்படி 1984-85-இல் ஓர் அணியின் மொத்தச் சம்பள வரம்பு 3.6 மில்லியன் டாலராக நிர்ணயிக்கப்பட்டது. 2025-26-இல் அந்த வரம்பு 154.6 மில்லியன். ஒரு தரப்புக்கு மட்டும் சாதகமான தாள்களில் கையெழுத்துப் போடமாட்டோம் என்று ஆட்டக்காரர்கள் மறுத்ததால் வளர்ந்த சம்பளம் இது. அந்தச் சம்பளத்தைக் காட்டித்தான் உங்கள் மகனிடம் ஒரு தரப்புக்கு மட்டும் சாதகமான தாளை வாங்கி வைத்திருக்கிறீர்கள்.

தொகைகள் இனியும் ஏறும் என்பதில் உங்கள் மச்சான் சொல்வது சரி. 1997-98-இல் மைக்கேல் ஜோர்டன் பெற்ற 33.14 மில்லியன், அன்றைய அணி வரம்பான 26.9 மில்லியனைவிட அதிகம். சொந்த ஆட்டக்காரரைத் தக்கவைத்துக்கொள்ள அணிகள் வரம்பைத் தாண்டலாம் என்ற விதிவிலக்கு அதற்கு இடம் கொடுத்தது. 1997-இல் இருபத்தொரு வயது கெவின் கார்னெட்டுக்கு மினசோட்டா அணி ஆறு ஆண்டுகளுக்கு 126 மில்லியன் கொடுக்க, உரிமையாளர்கள் மிரண்டார்கள். மறு ஆண்டு உரிமையாளர்கள் ஆட்டத்தையே நிறுத்திய கதவடைப்பு வந்து, அந்தப் பருவம் 50 ஆட்டங்களாகச் சுருங்கியது. அந்தச் சண்டையின் முடிவில் தனிநபர் சம்பளத்துக்கே உச்சவரம்பு வந்தது. ஜோர்டனின் ஓராண்டுத் தொகையை இருபது ஆண்டுகள் வேறு எவரும் தாண்டவில்லை. பிறகு தொலைக்காட்சிப் பணம் வந்தது. 2014-இல் ஒன்பது ஆண்டுகளுக்குச் சுமார் 24 பில்லியன் டாலருக்குப் போட்ட ஒளிபரப்பு உடன்பாட்டால், 2016-இல் அணி வரம்பு 70 மில்லியனிலிருந்து ஒரே தாவலில் 94 மில்லியன் ஆனது. 2024-இல் போட்ட அடுத்த உடன்பாடு பதினோரு ஆண்டுகளுக்குச் சுமார் 76 பில்லியன். பத்து ஆண்டு ஆடியவரும், ஏழெட்டு ஆண்டு ஆடி மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது போன்றவற்றை வென்றவரும் அணி வரம்பில் 35 விழுக்காடு வரை பெறலாம். நீங்கள் குறிப்பிட்ட 285 மில்லியனும் அந்த விழுக்காட்டுக் கணக்கில் வந்த தொகைதான்.

ஆனால் அந்தத் தொகையோடு சேர்ந்து என்ன வருகிறது என்பதை மச்சான் சொன்னாரா? ஆலன் ஹூஸ்டன் 2001-இல் நியூயார்க் அணியுடன் ஆறு ஆண்டுகளுக்கு 100 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டார். முழங்கால் கெட்டது. ஆம், முழங்கால்தான். இரண்டு ஆண்டுகள் மிச்சமிருக்க, 2005-இல் ஆட்டத்தை விட்டார். மிச்சத் தொகையை அணி கொடுத்தது, ஏனென்றால் அவருடைய ஒப்பந்தம் உத்தரவாதமுள்ளது. உடம்பு கெட்டாலும் சம்பளம் உண்டு என்ற அந்த ஒரு வரிக்காகத்தான் முகவரும் சங்கமும் வழக்கறிஞரும் பாடுபடுகிறார்கள். உங்கள் சாமியறைத் தாளில் அப்படி ஒரு வரி இருக்கிறதா? கால் ஒடிந்தால் இந்த உறுதிமொழி செல்லாது என்று எழுதியிருக்கிறீர்களா? மனம் மாறிச் சமையற்கலை படிக்கப் போனால் விடுதலை உண்டா? அவனுக்கு அதில் கிடைப்பதுதான் என்ன? ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு எதிரே கடனாளிகள் இருவர் உட்கார்ந்து எழுதி வாங்கிய உடன்படிக்கை அது, அந்தக் கடனாளிகள் பெற்றவர்களாகவே இருந்தாலும்.

அதிலும் "முதல் ஒப்பந்தம்" என்று எழுதி வாங்கியிருப்பது அறியாமை. 1994-இல் கிளென் ராபின்சன் ஒரே ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே பத்து ஆண்டுகளுக்கு 68 மில்லியன் பேசி வாங்கியதற்குப் பிறகு, 1995 முதல் புதியவர்களின் சம்பளம், ஆண்டுதோறும் அணிகள் அவர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் வரிசைப்படி அட்டவணையில் கட்டுப்படுத்தப்பட்டுவிட்டது. பெரிய தொகைகள் எல்லாம் இரண்டாவது, மூன்றாவது ஒப்பந்தத்தில் வருபவை. இரண்டாம் சுற்றில் தேர்வாகிறவர்களுக்கு உத்தரவாதம் தானாகக் கிடைப்பதில்லை. பஞ்சாபின் சத்னாம் சிங் 2015-இல் 52-ஆவதாகத் தேர்வாகி, என்.பி.ஏ. அணியொன்று தேர்ந்தெடுத்த முதல் இந்தியர் என்று பெயர் பெற்றார். அங்கே ஒரு பருவ ஆட்டத்தில்கூட அவர் களமிறங்கவில்லை. முப்பது அணிகளிலும் சேர்த்து முழு ஒப்பந்தத்துக்கான இடங்கள் நானூற்றைம்பதுதான்.

குடும்பப் பாரத்தோடு கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு, ஜோர்டனோடு சிகாகோ அணியில் ஆடிய ஸ்காட்டி பிப்பனைப் பாருங்கள். ஆர்கன்சாவில் ஹாம்பர்க் என்ற சிற்றூரில் பன்னிரண்டு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். தகப்பனார் பக்கவாதத்தில் விழுந்தார்; அண்ணன் ஒருவர் உடல் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்தார். தனக்கு அடிபட்டால் இவர்களை யார் பார்ப்பார்கள் என்ற அச்சத்தில், 1991-இல் ஐந்து ஆண்டுகளுக்கு 18 மில்லியன் என்ற நீட்டிப்பை ஏற்றார். அது அவருக்குப் பாதகமானது, போட வேண்டாம் என்று சிகாகோ அணியின் உரிமையாளர் ஜெரி ரைன்ஸ்டார்ஃபே எச்சரித்ததாகப் பின்னாளில் சொன்னார். தொகைகள் ஏற ஏற, பிப்பன் இருந்த இடத்திலேயே இருந்தார். 1997-98-இல், ஜோர்டனுக்கு 33 மில்லியன் கிடைத்த அதே அணியில், உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவரான அவருக்கு 2.8 மில்லியன்கூட இல்லை. அணியில் ஆறாவது, என்.பி.ஏ. முழுவதிலும் 122-ஆவது சம்பளம். மனம் கசந்து, கால் அறுவை சிகிச்சையைப் பருவம் தொடங்கும் வரை தள்ளிப்போட்டார். பிறகு ஹூஸ்டன் அணிக்குப் போய்ப் பெரிய சம்பளம் வாங்கினார் என்பதும் உண்மைதான். ஆனால் நல்ல ஆண்டுகள் கசப்பில் கழிந்தன. அவரையாவது யாரும் எழுதித் தரச் சொல்லவில்லை. இருபத்தைந்து வயதில் தானே எடுத்த முடிவு அது. உங்கள் மகன் பதின்மூன்று வயதில் கையெழுத்திட்டவன்.

பிள்ளைகள் பெற்றோரைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. வயதான தாய் தகப்பனைத் தனியே விட்டுவிட்டு, விடுமுறை நாளில் தொலைபேசியில் நலம் விசாரிக்கும் பிள்ளைகளை இதே பக்கத்தில் பலமுறை கடிந்திருக்கிறேன். ஆனால் அந்தக் கடமை, வளர்ந்த மனிதன் தன் நிலையறிந்து தானாகச் செய்வது. பெற்றவர்கள் தங்கள் கடமையை முடித்த பிறகு வருவது. உங்கள் கடமை இன்னும் முடியவில்லை. அவனுக்குப் படிப்பு கொடுக்க வேண்டும். நோய் வந்தால் அச்சமில்லாமல் சொல்லக்கூடிய வீட்டைக் கொடுக்க வேண்டும். நீங்கள் வாங்கிய வீட்டுக்கு நீங்கள்தான் கடன் கட்ட வேண்டும். அவன் நாளைக்கு அள்ளி அள்ளிச் சம்பாதித்து ஒரு பகுதியை உங்கள் கையில் வைத்தால் மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே எழுதி வாங்குவது, என் கணக்கில், பிள்ளையை அடகு வைப்பதுதான். 2004-இல் லாட்ரல் ஸ்ப்ரூவெல் என்ற ஆட்டக்காரர், மூன்று ஆண்டுகளுக்கு 21 மில்லியன் என்ற நீட்டிப்பை மறுத்துவிட்டு, எனக்குக் குடும்பம் இருக்கிறது, சோறு போட வேண்டும் என்றார். அந்தப் பருவத்துக்குப் பிறகு அவர் என்.பி.ஏ.வில் ஆடவே இல்லை. குடும்பத்தின் பெயரைச் சொல்லிப் பேராசைப்படுவது அங்கும் உண்டு, ஸ்கார்பரோவிலும் உண்டு.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தத் தாளைச் சட்டத்திலிருந்து நீங்களே கழற்றுங்கள். மனைவியும் உடனிருக்க மகனை அழைத்து, இதை வாங்கி வைத்தது எங்கள் தவறு, இந்தக் கடனுக்கும் உனக்கும் சம்பந்தமில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தாளை அவன் கையில் கொடுங்கள். அவன் கிழித்தாலும் வைத்துக்கொண்டாலும் கேட்காதீர்கள். மருத்துவர் சொன்ன ஓய்வை ஒரு நாள்கூடக் குறைக்காதீர்கள். அந்தக் காலத்தில் வீட்டில் எவருடைய சம்பளத்தைப் பற்றியும் பேச வேண்டாம். கால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், அதுவும் ஒரு நாளைக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். குணமான பிறகு ஆட விரும்பினால் ஆடட்டும், ஊரிலேயே ஆடட்டும். அவன் உண்மையிலேயே அந்தத் தரத்து ஆட்டக்காரன் என்றால், அமெரிக்கக் கல்லூரிகள் உதவித்தொகையோடு தேடி வரும். அங்கே இப்போது மாணவ ஆட்டக்காரர்களுக்கும் பணம் கொடுக்கிறார்களே என்று உங்கள் மச்சான் அடுத்துச் சொல்வார். மாணவர் விசாவில் போகும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அதில் பல சிக்கல்கள் உண்டு என்பதையும் அவரே விசாரித்து வரட்டும்.

வங்கிக்குப் போய், இன்னும் எத்தனை தவணை மிச்சம் என்ற அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் இருவரின் வருமானத்தில் கட்டி முடிக்க முடியாது என்று தெரிந்தால், வீட்டை விற்றுவிட்டுச் சிறிய வீட்டுக்குப் போங்கள். அந்த முடிவை மகனிடம் சொல்லும் நாளில் மச்சானை வீட்டுக்கு அழைக்காதீர்கள்.